ஒரு பக்கம் துளிர்த்த மரம்

பாஞ்சாலிக்கு பஸ் நிறுத்தங்களின் பெயர் மனதில் நிற்பதில்லை. காலையில் ஸ்ரீராம்புரத்தில் ஏறி, மார்க்கெட்டில் வண்டி மாறி, ஆடுகோடியில் இறங்கும்வரை அவளுக்கு வழி சொல்பவை மரங்கள்தான். குடை விரித்தாற்போன்ற தூங்குமூஞ்சி மரம் வந்தால் பாதி தூரம் ஆயிற்று. மின்கம்பத்தின் மேல் சாய்ந்த குல்மொஹர் வந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாசி மாதத்தில் மட்டும் இந்த அடையாளமெல்லாம் கலங்கிப்போகும். இலையை உதறிவிட்டு உடம்பெல்லாம் ரோஸ் பூவாக நிற்கும் மரங்கள், போன வாரம்வரை ஒன்றுமே இல்லாதிருந்த இடங்களில் வந்து நின்றுகொள்ளும். தூக்கத்தில் பாதியும் பஸ்ஸில் பாதியுமாகப் போகிறவளுக்கு ஊரே வேறு ஊர் மாதிரி இருக்கும்.

அப்போது அவள் சோற்றுப்பைக்குள்ளிருந்து ஒரு மடித்த அட்டையை எடுப்பாள். பெயின்ட் ஷேட் கார்டு. அவள் புருஷன் நாராயணசாமி சுவருக்குப் பெயின்ட் அடிப்பவன். பழசாகிப் போனதென்று அவன் தூக்கிப் போட்டதை இவள் எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் ரோஸ் நிறத்துக்கு மட்டும் பதினோரு கட்டங்கள். பஸ் சிக்னலில் நிற்கும்போது அட்டையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, வெளியே நிற்கும் மரத்தோடு ஒவ்வொரு கட்டமாக ஒத்துப் பார்ப்பாள். ஒரு மரம் ஏழாவது கட்டம். அடுத்த மரம் நாலு. அதே ஜாதி மரம்தான், விதையிலிருந்து வந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

"இன்னாக்கா, வூட்டுக்குப் பெயின்ட்டா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் ஒருநாள் கேட்டாள்.

"ஆமா. மாடியில ரெண்டு ரூம் எடுத்துகினு கீறோம்" என்று பாஞ்சாலி கூசாமல் சொன்னாள். அவர்களுக்கு இருப்பது ஒற்றை அறை, மேலே அடுத்தவர் வீடு.

அவளுக்குத் தேவைப்பட்டது வீட்டுக்கான நிறமல்ல. இன்னும் பூக்காத ஒரு மரத்தின் நிறம்.

பாஞ்சாலி பதினொரு வருடம் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் சட்டைக்குக் கை வைக்கும் லைனில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு ஒரு மிஷினிலிருந்து வரும், கை இன்னொரு மிஷினிலிருந்து வரும், இவள் இரண்டையும் சேர்த்து அடுத்த மிஷினுக்குத் தள்ளுவாள். காலரும் பட்டனும் வைத்து இஸ்திரி போட்ட முழுச் சட்டையை அவள் தூரத்தில் பெட்டிக்குள் போகும்போதுதான் பார்த்திருக்கிறாள். ஃபேக்டரி மூடிய பிறகு காண்ட்ராக்டரிடம் செடி நடும் வேலைக்குச் சேர்ந்தாள். மண்வெட்டி, கடப்பாறை, வெயில் என்று எல்லாம் வேறாக இருந்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. குழி தோண்டி, செடியை இறக்கி, கம்பு நட்டுக் கட்டிவிட்டு, மறுநாள் வேறு ஏரியா. ஏழு வருடத்தில் எத்தனை நட்டாளோ. அவள் நட்ட செடி ஒன்று மரமாகிப் பூத்ததை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போன ஆவணியில் காண்ட்ராக்டர் அவளை ஆடுகோடிப் பக்கத்துக் குடியிருப்பு லேஅவுட் ஒன்றின் பார்க்கில் தோட்ட வேலைக்குப் போட்டான். முதல் நாள் கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் அதே ரோஸ் பூ ஜாதியில் ஒரு இளமரம். ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம். ஓரத்தில் ஊன்றிய கம்பில் கட்டியிருந்த துணியைப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். நீலப் புடவைக் கரை. வெளுத்து வானம் மாதிரி ஆகிவிட்டிருந்தது, ஆனால் அவளுடையதுதான். நாலு வருடத்துக்கு முன்னால் இந்தப் பார்க்கில் ஒன்றும் வெளி ரோட்டில் மீதியுமாக ஒரே நாளில் நாற்பது செடி நட்டபோது சணல் கயிறு தீர்ந்துபோக, இதற்கு மட்டும் தன் பழைய புடவையின் கரையைக் கிழித்துக் கட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. இது ஒன்றாவது பூப்பதைப் பார்த்துவிட வேண்டும்.

"அது இன்னா கலர்ல பூக்கும்னு நெனைக்கற?" என்று நாராயணசாமியைக் கேட்டாள்.

அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். "மொதல்ல ப்ரைமர் அடிக்கட்டும். அப்பால கலரப் பத்திப் பேசலாம்."

மாசி பிறந்து மற்ற மரங்கள் பூத்துக் கொட்டி, பூவுக்குப் பின்னால் துளிர்விடத் தொடங்கியபோது இந்த இளமரமும் துளிர்த்தது. ஒரு பக்கம் மட்டும். கிழக்குப் பார்த்த கிளைகளில் ஐந்து விரல் விரித்தாற்போல் தளதளவென்று இலை. மேற்குப் பக்கம் வெறும் குச்சி. முதல் வாரம் பாஞ்சாலி, வெயில் படுகிற பக்கம் முந்திக்கொண்டது என்று நினைத்தாள். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் பார்க்கில் நடக்க வருகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அவளுக்கு அது, ஒரு கையை வைத்துவிட்டு மறு கையை மறந்து அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிட்ட சட்டை மாதிரி தெரிந்தது.

"ரோகா பந்திதே பாஞ்சாலம்மா, இதுக்கு ஏதோ சீக்கு" என்றார் வாட்ச்மேன் கோவிந்தப்பா. கன்னடமும் தமிழும் அவர் வாயில் ஒரே பாத்திரத்துச் சாதமும் சாம்பாருமாகக் கலந்து வரும். "நான் நேத்து ரெண்டு கை யூரியா போட்டேன். நம்ம ராகி ஹொலத்துல, வயல்ல, போட்டா ஒரே வாரத்துல எப்பிடி ஏறும் தெரியுமா!"

"எந்தப் பக்கம் போட்டீங்கண்ணா?"

"இலை இருக்கற பக்கம்தான். ஊட்டற வாய்க்குத்தானே ஊட்டணும்?"

"நல்லா ஊட்டனீங்க! பசியில கெடக்கறவன் அந்தாண்ட கீறான். வெந்துபூடும்ணா வேரு" என்று சொல்லி, குழாயைத் திறந்து அரை மணி நேரம் அந்தப் பக்கம் தண்ணீர் விட்டு யூரியாவைக் கரைத்து இறக்கினாள். கோவிந்தப்பா கோபித்துக்கொண்டு கேட் பக்கம் போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து, "டீ குடிக்கறியா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

அன்று மத்தியானம்தான் லேஅவுட் சங்கச் செயலாளர் சீனிவாசராகவன் வந்தார். அரசுச் செயலகமான விதான சௌதாவில் முப்பத்திரண்டு வருடம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். மரத்தையும் ஒரு ஃபைலைப் பார்ப்பதுபோல் மூக்குக் கண்ணாடியை இறக்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பாஞ்சாலி, யுகாதிக்குப் புது கேட் திறப்பு வெச்சிருக்கோம். உள்ள நுழைஞ்ச உடனே கண்ணுல படறது இதுதான். பாதி மொட்டை. நன்னாவா இருக்கு?"

"துளுக்கும் சார். கொஞ்சம் லேட்டாவும்."

"ஒரு மாசமா அதைத்தான் சொல்றே. ரெண்டு பாம் ட்ரீ, அழகுப் பனை, ஆர்டர் பண்ணிட்டேன், நாளன்னிக்கி வந்துடும். சனிக்கிழமைக்குள்ள இதை எடுத்துட்டு அதை வெச்சுடு. உன் மேல குத்தம் சொல்லலை, கேட்டியா? மரம் சரியில்லை, அவ்வளவுதான்."

அவர் போன பிறகு பாஞ்சாலி மேற்குப் பக்கத்துக் கிளை ஒன்றை வளைத்து, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினாள். உள்ளே பச்சை. ஈரப் பச்சை. இன்னொரு கிளை. அதுவும் பச்சை. நுனியில் மட்டும் ஒரு சாண் காய்ந்து பழுப்பாக இருந்தது. உயிர் இருக்கிறது, மேலே வரத்தான் வழியில்லை. யாரோ ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மேற்குப் பக்கம் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் இறங்காமல் தேங்கி நின்றது. மண்வெட்டி வைக்க மனம் வராமல் குந்தி உட்கார்ந்து விரலாலேயே மண்ணைத் தள்ளினாள். நாலு விரல் ஆழத்தில் ஏதோ வழுக்கியது. கறுப்பு பாலித்தீன். இழுத்தாள், வரவில்லை. விரலை அதன் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனாள். கிழியாத கவர், தண்டைச் சுற்றி அரை வட்டம். கிழக்குப் பக்கம் வந்ததும் ஒரு நீளமான கிழிசல், மேலிருந்து கீழ்வரை நேராக, பிளேடு போட்டது. அதன் வழியாகத் தடித்த வேர்கள் வெளியே போயிருந்தன.

அவள் கை அங்கேயே நின்றது. அந்தக் கிழிசலை அவளுக்குத் தெரியும்.

செடி நடும் கும்பலில் எல்லோரும் செய்வதுதான். கவரை முழுதாக உரித்தால் வெயிலில் காய்ந்த செம்மண் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். செடி அரை மணியில் தலையைத் தொங்கப் போட்டுவிடும். விழாவுக்கு வருகிறவர் வந்து தண்ணீர் ஊற்றிப் போட்டோ எடுக்கும்வரையாவது நிமிர்ந்து நிற்க வேண்டுமே. அதனால் ஒரு பக்கம் மட்டும் ஒரு கீறு கீறி, கவரோடு குழியில் இறக்கி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கீறலைப் போடுவதில் பாஞ்சாலியை மிஞ்ச ஆளில்லை. ஒரே இழுப்பு, நேர்கோடு. கார்மென்ட்டில் பழகிய கை.

எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. கடப்பாறை எடுக்கச் சங்க அறைக்குப் போனாள். கேரம் போர்டுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த போட்டோவைத் தினமும் கடந்து போவாள், நின்று பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள். மாலை போட்ட யாரோ ஒரு பெரிய மனிதர் பூவாளியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். சீனிவாசராகவன் பக்கத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். நடுவில் விறைப்பாக ஒரு செடி. அது சாயாமல் இருக்க, படத்தின் ஓரத்திலிருந்து நீண்ட ஒரு கை அதன் தண்டைப் பிடித்திருக்கிறது. நாலு கண்ணாடி வளையல், விரலெல்லாம் மண். உடம்பும் முகமும் சட்டத்துக்கு வெளியே.

தன் கையைத் தானே இப்படிச் சுவரில் பார்ப்பது ஒரு மாதிரி இருந்தது. அந்தக் கை அவளிடமிருந்து தனியே பிரிந்து, இந்த நாலு வருடமாக யாருக்கும் தெரியாமல் அந்தச் செடியைப் பிடித்துக்கொண்டே இருந்ததுபோல.

பேசாமல் இருந்துவிடலாம். சனிக்கிழமை பிடுங்கினால் கவரும் சேர்ந்து வந்துவிடும், குப்பை வண்டியில் போய்விடும், ஒரு பயல் கேட்கமாட்டான். சொன்னால் காண்ட்ராக்டருக்குப் போகும். வேலை இருக்குமோ என்னவோ. அன்று பஸ்ஸில் அவள் ஷேட் கார்டை எடுக்கவில்லை. சிக்னலில் பூத்த மரம் ஒன்று கண்ணாடியோரம் வந்து நின்றது. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சீனிவாசராகவன் வரும்போது மரத்தின் மேற்குப் பக்கம் கால் வட்டத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. பக்கத்தில், வந்து இறங்கிய இரண்டு பாம் செடிகள் கறுப்புக் கவரோடு நின்றன.

"ஓ, எடுக்க ஆரம்பிச்சுட்டியா?"

"எடுக்கல சார். இத்தப் பாருங்க." மண் ஒட்டிய பாலித்தீனை விலக்கிக் காட்டினாள். "இந்தாண்ட வேரு வெளிய வர்ல. கவருக்குள்ளயே சுத்திகினு கீது. அதான் இந்தப் பக்கம் துளுக்கல."

அவர் குனிந்து பார்த்தார். "எந்த முட்டாள் கவரோட நட்டான்?"

கோவிந்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பாஞ்சாலி புடவையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"நான்தான் சார்."

"நீயா?"

"ஆபீஸ் ரூம்ல போட்டோ கீதே, அதுல கை தெரியுது பாருங்க. என் கைதான். கவரப் பூரா கிழிச்சா மண்ணு உதுந்துபூடும், செடி தொங்கும். போட்டோவுல நல்லா இருக்காதுன்னு ஒரு பக்கம் மட்டும் கிழிச்சேன்."

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அந்தப் போட்டோ எவ்வளவு முக்கியம் என்று பார்க்கில் எல்லோருக்கும் தெரியும்.

"அன்னிக்கு நாப்பது செடி நட்டோம். நாப்பதுமா?"

"நாப்பதும் சார்."

"ராமா!" என்றார் அவர். அதில் கோபம் எவ்வளவு, சிரிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. "அப்போ இது ரிஜெக்ட்தானேம்மா? நீயே சொல்லிட்டியே."

பாஞ்சாலிக்கு எங்கிருந்துதான் அந்தப் பேச்சு வந்ததோ. "ரிஜெக்ட் இல்ல சார். ஆல்ட்டர். கார்மென்ட்ல கை கோணலா ஏறிச்சின்னா சட்டையத் தூக்கிப் போடமாட்டாங்க. தச்சவகிட்டயே திருப்பி வரும். பிரிச்சித் தெக்கணும். எனக்கு ஒரு மாசம் குடுங்க சார். அப்பவும் துளுக்கலன்னா நானே புடுங்கறேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், கேட்டைப் பார்த்தார், மறுபடி மரத்தைப் பார்த்தார். ஃபைலில் எங்கே கையெழுத்துப் போடுவதென்று தேடுகிறவர் மாதிரி.

"யுகாதி பேனரை அந்த மொட்டைப் பக்கம் மறைக்கற மாதிரி கட்டச் சொல்லு" என்றார் கடைசியில். "பாமை வேற இடத்துல வெச்சுக்கலாம். அதையாவது கவரை முழுசா உரிச்சு நடுவியா?"

"உரிச்சி உங்க கையிலயே குடுக்கறேன் சார்."

"எனக்கெதுக்கு அது!" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். காண்ட்ராக்டர் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு வேலை செய்தாள். பாலித்தீனைத் துண்டு துண்டாகக் கத்தரித்து எடுத்தாள். இழுத்தால் சின்ன வேர்கள் அறுந்துவிடும். உள்ளே ஒரு வேர், வெளியே போக இடமில்லாமல் தண்டைச் சுற்றியே வளைந்து வளையல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதை மட்டும் கூரான கத்தியால் ஒரே வெட்டு. மற்றவற்றை விரலால் கோதி, வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டாள். மக்கிய இலையும் மண்ணுமாகப் பள்ளத்தை மூடி, அழுத்தாமல் தண்ணீரை மெல்லக் கசியவிட்டாள். காய்ந்த கிளை நுனிகளைக்கூட வெட்டவில்லை. எது செத்தது எது தூங்குகிறது என்று மரமே சொல்லட்டும். தண்டைக் கம்போடு கட்டியிருந்த அந்த வெளுத்த நீலத் துணியை மட்டும் அவிழ்த்தாள். அதுவும் ஒரு பக்கம் பட்டையை அழுத்தத் தொடங்கியிருந்தது.

மேலே மண் காயாமல் இருக்கச் சருகு போட வேண்டும். பார்க்கில் இருந்த சருகையெல்லாம் கோவிந்தப்பா முந்தின நாள்தான் பெருக்கி அனுப்பியிருந்தார். அவரே வெளி ரோட்டுக்குப் போய், பெரிய மரங்களுக்கு அடியில் கொட்டிக் கிடந்த ரோஸ் பூவையெல்லாம் பெருக்கி இரண்டு சாக்கில் கொண்டுவந்து கவிழ்த்தார்.

"இது ஆகும்தானே? இல்லன்னா இதுக்கும் திட்டுவியா?"

"ஆவும்ணா" என்றாள்.

அப்படியாக, தன் வயதில் இன்னும் ஒரு பூகூடப் பூக்காத அந்த மரம் முழங்கால் அளவு பூவுக்குள் நின்றது. யுகாதி அன்று கேட் திறக்க வந்தவர்கள் பேனரைப் பார்க்கவில்லை. மரத்தின் காலடியைத்தான் பார்த்தார்கள். சில பெண்கள் அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். "அலங்காரம் யார் ஐடியா?" என்று ஒருவர் கேட்க, சீனிவாசராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம ஸ்டாஃப்தான்" என்றார். பூ இரண்டு நாளில் பழுப்பாகி, ஒரு வாரத்தில் மண்ணோடு மண்ணாக ஒட்டிப்போனது.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பாஞ்சாலி தினமும் போனதும் மேற்குப் பக்கத்துக் கிளை ஒன்றை எண்ணி எடுத்து நகத்தால் தொட்டுப் பார்ப்பாள். ஒரே இடத்தைச் சுரண்டக் கூடாதென்று ஒவ்வொரு நாளும் வேறு கிளை. பச்சை, பச்சை, பச்சை. ஆனால் மேலே ஒன்றுமில்லை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அதன் அடியில் சாய்ந்து கண்ணை மூடியபோது, தான் பழைய லைனில் உட்கார்ந்திருப்பதாகவும், மிஷினுக்குள்ளிருந்து துணிக்குப் பதிலாக இலை இலையாக வருவதாகவும், எங்கே வைத்துத் தைப்பதென்று சூபர்வைசர் சொல்லாமலே போய்விட்டதாகவும் கண்டாள். விழித்துப் பார்த்தால் மேலே அதே குச்சிகள், அவற்றுக்கிடையே வெள்ளை வானம்.

ஒரு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கோடையின் முதல் மழை, மாங்காய் மழை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டி, காற்றடித்து, பெரிய பெரிய துளிகளாக இருபது நிமிடம். கேட் ஷெட்டில் ஒதுங்கி நின்று அவளும் கோவிந்தப்பாவும் பார்த்தார்கள். முன்பு தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் இப்போது தேங்கவில்லை. மண் குடித்துக்கொண்டே இருந்தது.

"உன் மரத்துக்குத் தாகம் ஜாஸ்தி" என்றார் கோவிந்தப்பா.

மூன்றாம் நாள் காலையில் மேற்குக் கிளையொன்றின் கணுவில் செம்பு நிறத்தில் ஒரு முனை தெரிந்தது. அரிசி அளவு. அடுத்த நாள் அது ஐந்தாகப் பிரிந்து, பிறந்த குழந்தையின் மூடிய கை மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே இன்னொன்று. மரம் இப்போதும் கோணல்தான். ஒரு பக்கம் பெரிய இலை, ஒரு பக்கம் பொடி இலை. இரண்டு பக்கமும் சமமாக இன்னும் இரண்டு வருடமாவது ஆகும்.

சீனிவாசராகவன் வந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு, "மீதி முப்பத்தொன்பது?" என்றார்.

அதைத்தான் அவளும் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில், சோற்றுப்பையில் கத்தரியும் சின்னக் கொத்தும் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் வந்தாள். வெளி ரோட்டின் இரண்டு பக்கமும் நடந்தாள். பல இடங்களில் குழி இருந்த சுவடுகூட இல்லை. சிமென்ட் போட்டு மூடியிருந்தார்கள். சில இடங்களில் இடுப்பளவு குச்சி. நின்றிருந்தவை பதினேழு. ஒவ்வொன்றின் அடியிலும் குந்தி, விரலால் மண்ணைத் தள்ளி, தன் பழைய கையைத் தேடினாள். தன் கீறல் எல்லாமே நேர்கோடுதான். ஐந்து மரங்களுக்குக் கவரை எடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது; மீதிக்கு அடுத்த ஞாயிறு.

அன்று கடைசியாகப் பார்த்த மரம் பேக்கரிக்கு எதிரே, ரோடு வளையும் இடத்தில் இருந்தது. அங்கே அவளுக்கு வேலையே இல்லை. வேர்கள் கவரைத் தாங்களே கிழித்துக்கொண்டு நாலா பக்கமும் போயிருந்தன. பாலித்தீன் நைந்து தூளாகக் கையில் வந்தது. பாஞ்சாலி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அப்போது தோளில் ஏதோ விழுந்தது.

பூ. மேலே பார்த்தாள். உச்சிக் கிளையில், இலைகளுக்கு நடுவே, காலம் தவறி ஒரே ஒரு கொத்து.

அவள் நட்டது.

பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேக்கரி வாசலில் நிழலுக்கு ஒதுங்கினாள். பையிலிருந்து ஷேட் கார்டை எடுத்தாள். பதினொன்று, ஒன்பது, ஏழு, நாலு. எதுவும் ஒத்துவரவில்லை. முதல் கட்டம் இருக்கிறது, அதை அவள் இதுவரை தொட்டதே இல்லை. வெள்ளை என்றே விட்டுவைத்திருந்தாள். அதன் மேல் பூவை வைத்தபோது பூ அட்டைக்குள் கரைந்துபோனது. பூவின் தொண்டைக்குள் மட்டும் ஒரு மஞ்சள் கோடு.

"மூணு கோட் அடிச்சாலும் இந்தக் கலர் நிக்காது" என்று நாராயணசாமி சொல்வான். சொல்லட்டும்.

பார்க்குக்குத் திரும்பி நடந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் கேட்டருகே உட்கார்ந்திருந்த கோவிந்தப்பா, "இவத்து ரஜா அல்லவா, லீவுலயும் என்ன இங்க?" என்று கேட்டார். அவள் உள்ளே போய் அந்த இளமரத்தின் முன்னால் நின்றாள். இதன் நிறம் அந்த நிறமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மேற்குப் பக்கத்துப் பொடி இலைகள் காற்றில் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஷேட் கார்டில் முதல் கட்டத்தின் ஓரத்தை நகத்தால் லேசாகக் கீறி அடையாளம் வைத்தாள். மீதிப் பத்தும் அப்படியே இருந்தன.